எக்ஸ்டெண்டட் வாரண்டிக்கு வரி எவ்வளவு? ஷோரூம் பில்லா, கம்பெனி பில்லா, வெளியாளா, கைக்காசா?

திருநெல்வேலி பேட்டையில் அரிசிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், கார் பார்க்கப் போன இடத்தில் வாங்கிய கொட்டேஷனைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். காரின் விலை, வாழ்நாள் சாலை வரி, இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், தரைக்கு விரிக்கும் மேட் என்று போய், கடைசியில் ‘எக்ஸ்டெண்டட் வாரண்டி 28,000’ என்று இருந்தது. காரோடு வரும் சாதாரண வாரண்டி முடிந்த பிறகும் பழுதுச் செலவை ஏற்க, காசு கட்டி எடுக்கும் நீட்டிப்பு வாரண்டிதான் அது. கூடவே ஒரு குரல் பதிவு: “இதுல டாக்ஸ் சேந்திருக்கா, தனியா போடுவானா? இப்பவே எடுக்கணுமா, பொறவு எடுத்துக்கிடலாமா? இன்னொருத்தன் போன் பண்ணி பாதி ரேட்டுக்குத் தாரேங்கான். என்ன செய்ய?”

நான் பாளையங்கோட்டையில் சில கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவன். 2025 செப்டம்பரில் கார்களுக்கு வரி மாறியதிலிருந்து இந்தக் கேள்வி வேறு வேறு வாயிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அவருக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சின்னது. வரி உண்டு, எந்த வழியில் எடுத்தாலும் உண்டு. எத்தனை சதவிகிதம் என்பதுதான் ஆளைப் பொறுத்தும் நாளைப் பொறுத்தும் மாறும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி ரேட்டுக்காரன்தான் ஜெயிப்பான். நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். பில் போட்டு விற்பவர் யார், அதனால் வரி எவ்வளவு. பழுது வந்தால் காசு கொடுக்க வேண்டியவர் யார். எந்தப் பழுதெல்லாம் உள்ளே, எதெல்லாம் வெளியே. வேலையை எங்கே போய்ச் செய்ய வேண்டும். பணம் எப்போது நம் கையை விட்டுப் போகிறது, நமக்கு எப்போது பயன்பட ஆரம்பிக்கிறது.

கடைசி விஷயத்தை யாரும் கேட்பதில்லை. மாருதி 2024 ஜூலையிலிருந்து சாதாரண வாரண்டியையே 3 வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று ஆக்கிவிட்டது. அதாவது இன்று காசு கட்டி எடுக்கும் நீட்டிப்பு, நான்காம் வருடத்தில்தான் கண்ணைத் திறக்கும். அதுவரை அந்தக் காகிதம் டேஷ்போர்டு டப்பாவில் தூங்கும்.

## முதலில் வரியை முடித்துவிடுவோம்

நம் ஊரில் பழைய வியாபாரிகள் இன்னும் ‘சேல்ஸ் டாக்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. மதுவிலக்கில் போன வருமானத்தை ஈடுகட்ட ராஜாஜி 1939-ல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது விற்பனை வரியோடு மூன்று தலைமுறை பழகிவிட்டது. அந்தக் காலத்துக் கணக்கில் பொருளுக்கு மாநிலம் வரி போடும். பின்னாளில் சேவைக்கு மத்திய அரசு தனியாகச் சேவை வரி போட்டது. வாரண்டி இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முழித்தது. வாரண்டியில் டீலர் தன் கையிருப்பிலிருந்து மாற்றித் தரும் ஸ்பேருக்கு, கம்பெனி அவருக்கு ஈடு கொடுத்தால் அதுவும் விற்பனைதான், வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் சொல்ல வேண்டி வந்தது. அது டீலருக்கும் துறைக்கும் நடந்த வழக்கு; கார்க்காரருக்கு அதில் செலவில்லை.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. ஆனாலும் வாரண்டியைப் பொருளோடு சேர்ப்பதா, தனிச் சேவையாகப் பார்ப்பதா என்ற குழப்பம் போகவில்லை. மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் 2023 ஜூலை 17-ல் 195-ஆம் எண் சுற்றறிக்கையிலும், 2024 ஜூன் 26-ல் 216-ஆம் எண் சுற்றறிக்கையிலும் இதைத் தெளிவாக்கியது. நம் பாஷையில் சொன்னால் மூன்றே விதி:

காரை விற்பவரே, கார் விற்கும்போதே, நீட்டிப்பு வாரண்டியையும் தன்னுடையதாக விற்றால் அது காரோடு சேர்ந்த ஒரே விற்பனை. காருக்கு என்ன வரியோ அதுவேதான் வாரண்டிக்கும்.

கார் விற்றவர் ஒருவர், வாரண்டி தருபவர் வேறொருவர் என்றால் அது தனிச் சேவை. அன்றைக்கே எடுத்தாலும் 18 சதவிகிதம்.

கார் வாங்கிய பிறகு வேறொரு நாளில் எடுத்தால், யாரிடம் எடுத்தாலும் தனிச் சேவை. அதுவும் 18 சதவிகிதம்.

இப்போது 2025 செப்டம்பர் 22-ல் வந்த மாற்றத்தை இதன்மேல் வையுங்கள். 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்கும் கார் சின்னக் கார், அதற்கு 18. அதைத் தாண்டினால் பெரிய கார்; அதற்கு 40. மின்சாரக் காருக்கு முன்பு போலவே 5. வாரண்டியின் அடக்க விலை 20,000 என்று வைத்துப் போட்ட கணக்கு இது:

| காரின் வகை | கார் விற்றவரே காரோடு சேர்த்து விற்றால் | வேறொருவர் தந்தால், அல்லது பிறகு எடுத்தால் |
|---|---|---|
| சின்னக் கார் | 18% – 23,600 | 18% – 23,600 |
| பெரிய கார் | 40% – 28,000 | 18% – 23,600 |
| மின்சாரக் கார் | 5% – 21,000 | 18% – 23,600 |

சின்னக் கார் வாங்குகிறவர் வரியைப் பற்றிய கவலையை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். இந்தப் பக்கம் வாங்கினாலும் அந்தப் பக்கம் வாங்கினாலும் ஒரே ரேட்டு. செப்டம்பருக்கு முன்னால் அப்படியில்லை. சின்னப் பெட்ரோல் காருக்கே 28-ம் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்தன. பெரிய எஸ்யூவிக்கு செஸ்ஸோடு 50 வரை போனது. அந்தச் சமயத்தில் எழுதிய ஆலோசனைகளை இப்போது படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம்.

பெரிய காருக்குத்தான் விஷயம் இருக்கிறது. அண்ணாச்சி பார்த்தது 4.3 மீட்டர் வண்டி. “அந்த 28,000-ஐப் பிரித்துக் கேளுங்கள்” என்றேன். கேட்டார். 20,000 விலை, 8,000 வரி என்றார்களாம். சரி, வாரண்டிச் சான்றிதழில் யார் பெயர் வரும் என்று அடுத்ததாகக் கேட்கச் சொன்னேன். கார் கம்பெனியின் பெயர். அப்படியானால் அது தனிச் சேவை, வரி 3,600 தான் வரவேண்டும். வேண்டுமென்றே செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை; கணினியில் காரின் பில்லுக்குள்ளேயே அதையும் ஏற்றியிருப்பார்கள். ஆனால் 4,400 ரூபாய் 4,400 ரூபாய்தான்.

பில்லைப் பார்த்தே விற்பவர் யார் என்று ஓரளவு பிடித்துவிடலாம். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும், தமிழ்நாட்டுக்கு 33. நம் மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் மத்திய அரசின் பங்கு சிஜிஎஸ்டி 9, மாநிலத்தின் பங்கு எஸ்ஜிஎஸ்டி 9 என்று பிரிந்திருக்கும். ஐஜிஎஸ்டி 18 என்று ஒரே எண்ணாக இருந்தால் விற்றவர் வெளிமாநிலத்தில் பதிவானவர்.

கடைக்காரர்களுக்கு ஒன்று. “கடை பேர்ல கார் எடுத்தா இந்த வரியைத் திரும்ப எடுத்துக்கிடலாம்லா?” என்று கேட்காத ஆளில்லை. முடியாது. ஓட்டுநரோடு சேர்த்து 13 பேர் வரை உட்காரும் வண்டிக்கு உள்ளீட்டு வரியை, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை, கழித்துக்கொள்வதை ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. அந்த வண்டியின் ரிப்பேர், பராமரிப்பு, இன்சூரன்ஸ் வரிக்கும் அதே தடைதான். ஆள் ஏற்றும் தொழில், டிரைவிங் ஸ்கூல், கார் வியாபாரம் இவற்றுக்கு மட்டும் விலக்கு. ஆனால் சரக்கு ஏற்றுகிற குட்டி யானைக்கு இந்தத் தடை கிடையாது; அதற்கு எடுத்த வாரண்டியின் 18 சதவிகிதத்தை, முறையான பில் இருந்தால், கழித்துக்கொள்ளலாம். அண்ணாச்சியின் காருக்கு வரி ஒரு செலவு. அவர் கடையின் லோடு வண்டிக்கு, வரி போட்டு விற்கும் சரக்குக்கு ஓடும்வரை, அது செலவே இல்லை.

## வழி ஒன்று: ஷோரூமின் சொந்தத் திட்டம், கார் பில்லிலேயே

வரி: பெரிய காருக்கு 40. மின்சாரக் காருக்கு 5. மின்சாரக் கார் வாங்குகிறவருக்கு மட்டும் இது லாபக் கணக்கு. தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்ஃபாஸ்ட் ஆலை திறந்ததிலிருந்து நம் பக்கத்திலும் மின்சாரக் கார் விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்று தனி வாரண்டி முதலிலேயே தருகின்றன. நீட்டிப்பு வாரண்டி எதை நீட்டிக்கிறது, பேட்டரியையா, மற்றதையா என்று கேட்காமல் 13 சதவிகிதம் மிச்சம் பிடித்தேன் என்று சந்தோஷப்பட வேண்டாம்.

பொறுப்பு: அந்த ஷோரூம். அதுதான் இதில் பலவீனம். டீலர்ஷிப் கை மாறினால், இல்லை மூடினால், காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கே போவது? கம்பெனி அதைத் தன்னுடையதாக ஏற்காது.

மறைந்த செலவு: கடன். கொட்டேஷனில் மொத்தமாகச் சேர்ந்தால் அப்படியே லோனுக்குள் போய்விடுகிறது. 23,600 ரூபாயை 9 சதவிகித வட்டியில் 7 வருடத் தவணையில் போட்டால் மாதம் 380 ரூபாய்தான் கூடுகிறது; யாருக்கும் உறைக்காது. கூட்டிப் பாருங்கள்: கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ஏறக்குறைய 8,300. வரி 3,600-ஆ 8,000-ஆ என்று நாம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம், வட்டிக்காரர் சத்தமில்லாமல் இரண்டையும் தாண்டிவிடுகிறார். வாரண்டி எடுப்பதானால் கையிலிருந்து கொடுங்கள். லோனில் சேர்க்காதீர்கள்.

## வழி இரண்டு: கார் கம்பெனியின் திட்டம், தனி பில்லில்

ஷோரூமில் விற்கப்படுவதில் பெரும்பாலானவை உண்மையில் இந்த வகைதான். ஷோரூம் கையில் வாங்கித் தருகிறது, திட்டம் கம்பெனியுடையது. ஆகவே வரி 18. கார் எவ்வளவு பெரிதானாலும் 18.

இதன் பலம் பொறுப்பும் இடமும். வண்டி சேலத்துப் பக்கம் நின்றாலும் அங்கே இருக்கும் அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டர் எடுத்துக்கொள்ளும். நெல்லையிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்க, மாதம் ஒரு முறை ஓடி வரும் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

உள்ளே வருவது எஞ்சின், கியர் பாக்ஸ், ஸ்டியரிங், ஏசி, மின்னணுப் பாகங்கள் போன்றவை. கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர் ரப்பர் என்று தேய்ந்து போகிறவை வெளியே. ஆயில், கூலன்ட் வெளியே. வாரண்டியில் மாற்றித் தரும் ஸ்பேருக்கும் லேபருக்கும் நம்மிடம் காசு வாங்காதவரை மறுபடி ஜிஎஸ்டி கேட்க முடியாது. முன்பு கட்டியதிலேயே அது அடங்கிவிட்டது. கூடவே ஊற்றும் ஆயிலுக்குக் காசும் அதன் வரியும் நம்முடையது. பில்லில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மறைந்த செலவு சர்வீஸ். ஒவ்வொரு தவணைச் சர்வீஸையும் அவர்கள் சென்டரில், சொன்ன கெடுவுக்குள், செய்திருக்க வேண்டும். வண்ணார்பேட்டையில் இருக்கிறவருக்கு இது பத்து நிமிட வேலை. திசையன்விளைக்காரருக்குப் போய் வர நூறு கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் வேலை கெட்டது. வீட்டருகில் மெக்கானிக்கிடம் ஒரு தடவை ஆயில் மாற்றிவிட்டு, நாலாம் வருடத்தில் ‘சர்வீஸ் ஹிஸ்டரியில் இடைவெளி’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதே போல வெளியில் ஹாரன், விளக்கு, ஆண்ட்ராய்டு பெட்டி மாட்டும்போது கம்பெனி ஒயரை வெட்டி இணைத்தால், அந்த மின் பகுதிக்கு வாரண்டி கேட்கிற உரிமை அன்றோடு போச்சு.

எப்போது எடுப்பது? சாதாரண வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பெரும்பாலான கம்பெனிகள் சொல்கின்றன. ஆனால் தள்ளத் தள்ள விலை ஏறும். வரி மாறாது, 18 தான். பொறுத்திருப்பதில் கிடைக்கும் லாபம், மூன்று வருடம் ஓட்டிப் பார்த்து அந்த வண்டியின் குணம் தெரிந்த பிறகு முடிவு செய்யலாம் என்பது. முதல் வருடமே இரண்டு தடவை ஸ்கிரீன் கறுத்துப் போன வண்டியா? அப்படியென்றால் விலை கொஞ்சம் கூடினாலும் எடுத்துவிடுங்கள்.

## வழி மூன்று: போனில் வரும் வெளியாள்

பாதி ரேட்டுக்காரர் இவர். வரி இங்கேயும் 18, பெரும்பாலும் ஐஜிஎஸ்டியாக. “எங்ககிட்ட டாக்ஸ் இல்ல சார்” என்று சொல்கிறவரிடம் பேச்சைத் தொடராதீர்கள். பில் இல்லாத வாரண்டி வெறும் வாக்குறுதி.

என் சொந்த அனுபவம் ஒன்று. இரண்டாம் கையாக வாங்கிய டீசல் காருக்கு இப்படி ஒரு வாரண்டி எடுத்தேன். சித்திரை வெயிலில் ஏசி கம்ப்ரெஸர் போனது. நெல்லை வெயில் தெரியும்தானே. போன் செய்தால், முதலில் வண்டியைத் திறந்து படம் அனுப்ப வேண்டும், திறக்கும் கூலி என்னுடையது, கிளைம் ஒத்துக்கொண்டால் திருப்பித் தருவோம் என்றார்கள். திறந்தாயிற்று. மூன்று வாரம் கழித்து, ‘படிப்படியான தேய்மானம்’ என்று ஒரு மின்னஞ்சல். ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் அது வெளியே என்று எழுதியிருந்தது. நான் படித்தது இரண்டு பக்கம். வாரண்டிக்கு 18 கட்டினேன், பிறகு கம்ப்ரெஸருக்கும் கூலிக்கும் தனியாக வரி கட்டினேன். ஒரே பழுதுக்கு இரண்டு முறை வரி. கணக்கு எழுதுகிறவனுக்கே இது நடந்தது என்பதை வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

வெளியாள் எல்லாருமே ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லவில்லை. கம்பெனியின் வாரண்டி வயது தாண்டிய வண்டிக்கு வேறு வழியே கிடையாது; அங்கே இவர்கள்தான். அப்படி எடுத்தால் நான்கு கேள்வி: நம் ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்யலாம்? ஒரு கிளைமுக்கு உச்சவரம்பு எவ்வளவு? திறக்கும் கூலி யாருடையது? தேய்மானத்துக்கு அவர்கள் சொல்லும் அர்த்தம் என்ன? நாலுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கம்பெனி குருகிராமில் இருக்கிறதே, எங்கே போய் வழக்கு நடத்துவது என்றும் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே, அதாவது திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம்; பல நேரம் அதிலேயே காரியம் ஆகிவிடும். எனக்கு இது அப்போது தெரிந்திருந்தால் அந்த மின்னஞ்சலோடு விட்டிருக்க மாட்டேன்.

## வழி நான்கு: இன்சூரன்ஸில் கூடுதல் கவர்

இதை வாரண்டிக்கு மாற்று என்று நினைக்கிறவர்கள் அதிகம். மாற்று இல்லை, இரண்டும் தொடும் இடங்கள் வேறு வேறு. வண்டி தானாகப் பழுதானால் வாரண்டி. வெளியிலிருந்து ஏதாவது வந்து கெடுத்தால் இன்சூரன்ஸ்.

2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஆறு நெல்லை ஜங்ஷனுக்குள் வந்தது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகமே தண்ணீரில் நின்றது. எஞ்சினுக்குள் தண்ணீர் போன வண்டிக்கு எந்த வாரண்டியும் ஒரு பைசா தராது, நீட்டித்ததும் தராது. முழு இன்சூரன்ஸ் இருந்தும், மறுநாள் வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் பிடித்துப்போனால், ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் இல்லாதவருக்குச் சண்டைதான் மிச்சம். கவர் இருந்தாலும் தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருகாதீர்கள். டோ செய்துதான் எடுக்க வேண்டும்.

எலியும் அப்படித்தான். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் அறுப்பு முடிந்ததும் வயல் எலிக்குக் கார் பானட்தான் வீடு. ஒயர் கடிக்கு வாரண்டியில் இடமில்லை. இன்சூரன்ஸில் சில கூடுதல் கவர்களில் உண்டு. உவரி, கூடங்குளம் கடற்கரைக்காரர்களுக்கு உப்புக் காற்றில் வரும் துருவுக்கு இரண்டிலுமே கைவிரிப்பார்கள், அதற்கு அடிப்பகுதிப் பூச்சுதான்.

வரி இங்கே 18. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு வரியே இல்லை என்று ஆனதைக் கேட்டு, கார் இன்சூரன்ஸுக்கும் போய்விட்டது என்று நம்புகிறார்கள். போகவில்லை.

## வழி ஐந்து: எதையும் எடுக்காமல் கைக்காசை ஒதுக்குவது

எனக்குப் பிடித்த வழி. ஆனால் எல்லாருக்கும் சரிவராது.

23,600 ரூபாயை வாரண்டிக்குக் கொடுக்காமல் 7 சதவிகித வட்டியில் டெபாசிட் போட்டால், நீட்டிப்பு வாரண்டி விழிக்கும் அந்த மூன்றாம் வருட முடிவில் அது 28,900 வரை ஆகியிருக்கும். பழுது வராவிட்டால் அது நம் பணம். வந்தால் ஸ்பேருக்கு 18, லேபருக்கு 18 வரியோடு செலவு செய்ய வேண்டும். ஸ்பேர் பாகங்களில் பலவற்றுக்கு முன்பு 28 இருந்தது இப்போது 18-க்கு வந்ததால் இந்த வழி முன்பைவிடக் கொஞ்சம் மலிவு. தச்சநல்லூர் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனால் இன்னும் குறையும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை, அதனால் கூலிக்கு வரி இல்லை. கடையில் வாங்கும் ஸ்பேரின் அட்டை விலைக்குள் மட்டும் வரி ஒளிந்திருக்கும்.

கையால் மாற்றும் கியர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், வருடம் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த எஞ்சினை நம் ஊர் மெக்கானிக்குகள் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார்கள். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ், ஹைபிரிட், பெரிய தொடுதிரை என்றால் சொல்ல மாட்டேன். அவற்றில் ஒரு பாகம் போனாலே ஒதுக்கிய பணம் முழுதும் போய் மேலும் கேட்கும். ஷெட்டில் அதைப் பார்க்கக் கருவியும் இருக்காது.

இன்னொன்று, ஒதுக்கிய பணம் ஒதுக்கினபடியே இருக்க வேண்டும். தீபாவளிக்கும் திருச்செந்தூர் மொட்டைக்கும் அதிலிருந்து எடுக்கிற வீடு என்றால் வாரண்டி எடுத்துவிடுவதே மேல்.

## யாருக்கு எது

பெரிய ஆட்டோமேட்டிக் கார், சொந்த உபயோகம், வருடம் 15,000 கிலோமீட்டருக்குள் ஓட்டம்: கம்பெனித் திட்டம், தனி பில்லில், கைக்காசில். கார் விலையோடு ஒரே பில்லில் வந்தால் யார் தருகிறார் என்று கேட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ரிட்டையரான சார்வாள்கள், ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணாபுரம், சீசனில் குற்றாலம், அவ்வளவுதான் ஓட்டம் என்கிறவர்களுக்குக் கிலோமீட்டர் முடிவதற்குள் வருடம் முடியும். சின்னக் கார் என்றால் கைக்காசு. ஆனால் ‘ஒர்க்‌ஷாப்பில் நின்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை’ என்று ஒருவர் சொன்னால் அதையும் மதிக்கிறேன். அவருக்குக் கம்பெனி வாரண்டியின் விலை நிம்மதியின் விலை.

வாடகைக் கார் ஓட்டும் தம்பிகளுக்கு நேர்மாறு. வாகைக்குளம் விமான நிலையம், மதுரை, திருவனந்தபுரம் என்று வருடம் 60,000 கிலோமீட்டர் ஓடினால், ஆறு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் என்று எடுத்த நீட்டிப்பின் கிலோமீட்டர் வரம்பு மூன்று வருடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆறு வருட வாரண்டிக்குப் பணம் கட்டி மூன்று வருடம்கூடப் பார்க்காமல் போவது நஷ்டம். மஞ்சள் போர்டுக்கு நிபந்தனையும் பல திட்டங்களில் வேறு. வெள்ளைப் போர்டுக்குப் போட்ட விலைப்பட்டியலை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த மூன்று நான்கு வருடத்தில் வண்டியை மாற்றிவிடும் பழக்கமுள்ளவர் எடுக்கவே வேண்டாம். வாங்குகிறவர் பெயருக்கு வாரண்டியை மாற்ற முடியுமா, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, முடியும் என்றால் மட்டும் யோசிக்கலாம். விற்கும்போது இரண்டு வருட வாரண்டி மிச்சமிருக்கிறது என்பது பேரம் பேச உதவும்.

அண்ணாச்சி மறுபடியும் ஷோரூம் போனார். மேலாளர் கணக்கரைக் கூப்பிட்டுப் பேசி, வாரண்டியைத் தனி பில்லாக்கிக் கொடுத்தார்: 20,000, சிஜிஎஸ்டி 1,800, எஸ்ஜிஎஸ்டி 1,800. லோனில் சேர்க்காமல் கடைக் கல்லாவிலிருந்து கொடுத்துவிட்டார். எஞ்சின் கவரையும் இன்சூரன்ஸில் சேர்த்தாயிற்று. வீடு ஆற்றங்கரை ஓரம். இப்போது கொட்டேஷனில் அந்தத் தரை மேட்டுக்குப் போட்ட விலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.